மலை மேல் உள்ள பாப் ரூமில் கருவிகளைக் கீழேயிருந்தே ஆஃப் செய்து ஆன் செய்ய என்ன வழி?

மலையோர_நெட் — கேள்வி

வணக்கம். நாமக்கல் பக்கம் சின்ன அளவில் கேபிள் இன்டர்நெட் நடத்துகிறோம். மெயின் ரூம் சேந்தமங்கலத்தில். கொல்லிமலை மேல் செம்மேடு, சோளக்காடு உட்பட மூன்று இடங்களில் பாப் ரூம் (இணைப்பைச் சுற்றுவட்டாரத்துக்குப் பிரித்துக் கொடுக்கும் கருவி அறை). காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறித்தான் போக வேண்டும். மழை நாளில் போய் வர அரை நாள் போய்விடும்.

ஒவ்வொரு ரூமிலும் இருப்பவை: கீழிருந்து லிங்க் எடுக்கும் 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ ஒன்று (24 வோல்ட் பேசிவ் பிஓஇ, அதாவது நெட்வொர்க் கேபிள் வழியே பவர்; அதைக் கொடுக்கக் கூடவே வந்த இன்ஜெக்டர்), மைக்ரோடிக் ரவுட்டர், 4 போர்ட் ஈபான் ஓஎல்டி (ஃபைபர் வழியே வீடுகளுக்கு இணைப்பைப் பிரிக்கும் பெட்டி), 4 கேமரா என்விஆர் (கேமரா பதிவுப் பெட்டி). எல்லாமே ஒரு ஹோம் இன்வெர்ட்டரிலும் 12 வோல்ட் 150 ஏஎச் டியூபுலர் பேட்டரியிலும் ஓடுகின்றன.

கரண்ட் விட்டு விட்டு வரும் நாட்களில் ஓஎல்டி அல்லது ரேடியோ ஹேங் ஆகிவிடுகிறது. லைட் எல்லாம் எரியும், டிராஃபிக் மட்டும் போகாது. ஆள் போய் பிளக்கைப் பிடுங்கி மாட்டினால் சரியாகிவிடும்.

கடையில் விற்கும் வைஃபை ஸ்மார்ட் பிளக் போதுமா? ரேடியோவே ஹேங் ஆனால் நாம் அனுப்பும் கட்டளை எந்த வழியில் மேலே போகும்? தோட்டத்து மோட்டாருக்கு வைக்கும் மொபைல் ஸ்டார்ட்டரை இதற்குப் பயன்படுத்தலாம் என்று ஒருவர் சொன்னார், அது சரிவருமா? ஒரு ரூமுக்கு 8,000 ரூபாய் வரை செலவு செய்யலாம்.

காப்பர்_கம்பி — பதில்

முதல்ல ஹேங் ஏன் ஆகுதுன்னு பாருங்க. உங்க இன்வெர்ட்டர் பின்பக்கமோ முன்பக்கமோ "யூபிஎஸ் / நார்மல்"னு ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். நார்மல் பக்கம் இருந்தா சுமார் 100 வோல்ட்ல இருந்து 290 வோல்ட் வரை ஈபி கரண்டை அப்படியே வெளியே விடும். யூபிஎஸ் பக்கம் போட்டா சுமார் 180-க்குக் கீழ போனதுமே பேட்டரிக்கு மாறிடும், மாறும் வேகமும் அதிகம். மலை மேல வோல்டேஜ் 120, 130-னு இறங்கி ஏறும்போது ஓஎல்டி முழுசா அணையவும் அணையாது, ஒழுங்கா ஓடவும் ஓடாது. பாதி உயிர்ல நிக்கும். அதுதான் உங்க "லைட் எரியுது, வேலை நடக்கல". இந்த ஒரு ஸ்விட்சை மாத்தினாலே மலை ஏறுற வேலை கணிசமா குறையும். காசு செலவே இல்லை.

இப்போ ஸ்மார்ட் பிளக். மூணு காரணத்துக்காக வேண்டாம். ஒண்ணு, பெரும்பாலான பிளக் வெளியூர் சர்வர் வழியாத்தான் கட்டளை வாங்கும். உங்க லிங்க் போன நேரத்துல அதுவும் செத்துக் கிடக்கும். ரெண்டு, ஆஃப் ஒரு கட்டளை, ஆன் இன்னொரு கட்டளை. ரவுட்டரை ஆஃப் பண்ணிட்டா ஆன் எந்த வழியில போகும்? நுனிக்கிளையில உட்கார்ந்து அடிக்கிளையை வெட்டுற கதை. மூணு, கரண்ட் போய் வந்தா ஆஃப் நிலையிலேயே நிக்கிற பிளக்கும் உண்டு.

ரிலே (கரண்ட் கொடுத்தா இயங்குற ஸ்விட்ச்) போடுங்க, ஆனா வயரை என்சி (சும்மா இருக்கும்போது மூடியிருக்கும்) காலில் கொடுங்க, என்ஓ (சும்மா இருக்கும்போது திறந்திருக்கும்) காலில் இல்லை. அதாவது காயிலுக்கு கரண்ட் போகாதபோது லோடு ஓடணும். காயில் இழுத்தா லோடு அணையணும். கன்ட்ரோலர் போர்டு எரிஞ்சாலும், வயர் விட்டுப் போனாலும் ஓஎல்டி ஓடிட்டே இருக்கும். மோட்டார் ஸ்டார்ட்டர் இதுக்கு நேர் எதிர். சந்தேகம்னா மோட்டாரை நிறுத்துறதுக்காகவே அதைச் செய்யுறாங்க: ஃபேஸ் விட்டாலோ வோல்டேஜ் குறைஞ்சாலோ விடுவிச்சிடும், கரண்ட் வந்தாலும் ஆட்டோ மோடு இல்லேன்னா சும்மா நிக்கும். உங்களுக்கு வேண்டியது சந்தேகம்னா ஓட விடுற கருவி. அதனால மொபைல் ஸ்டார்ட்டர் வேண்டாம்.

ரிலேவை இன்வெர்ட்டர் அவுட்புட்டுக்கு அப்புறம் வைங்க. முன்னாடி வச்சா நீங்க மெயின்ஸை வெட்டுவீங்க, இன்வெர்ட்டர் பேட்டரியில தூக்கிப் பிடிச்சுக்கும், ஓஎல்டிக்கு ஒண்ணுமே தெரியாது. ஃபேஸ் கம்பி ரிலே வழியா, நியூட்ரல் நேரே. பிளக் பாயின்ட்ல ஃபேஸும் நியூட்ரலும் மாறியிருக்கான்னு டெஸ்டர் வச்சுப் பார்த்துட்டு வேலையை ஆரம்பிங்க.

ரிலே போர்டுல "10 ஆம்ப் 250 வோல்ட் ஏசி"ன்னு போட்டிருக்கும். ஓஎல்டி எடுக்குறது கால் ஆம்ப் கூட இருக்காது, ஆனா ஆன் ஆகும் அந்த ஒரு மில்லி செகண்டுல அதன் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) கப்பாசிட்டர் நிரம்ப 40 ஆம்ப் வரை இழுக்கும். 50 வாட் எஸ்எம்பிஎஸ் டேட்டாஷீட்டிலேயே அந்த எண்ணைப் போடுறாங்க. அந்தப் பொறியில காண்டாக்ட் ஒட்டிக்கும். ஒட்டிட்டா க்ளிக் சத்தம் வரும், லோடு அணையாது. போதாததுக்குப் பல ரிலேயில என்சி பக்கத்து ரேட்டிங் என்ஓ பக்கத்தைவிடக் குறைவு. அதனால வெள்ளி-டின் ஆக்சைடு காண்டாக்ட் உள்ள 16 ஆம்ப் ரிலேவா எடுங்க. ஒரு ரிலேக்கு ஒரு கருவிதான், நாலு அடாப்டர் மாட்டின எக்ஸ்டென்ஷன் பாக்ஸை ஒரே ரிலேயில தொங்க விடாதீங்க.

எவ்வளவு நேரம் அணைச்சு வைக்கணும்? குறைஞ்சது 30 செகண்ட். கப்பாசிட்டர் வடியணும்கிறது ஒண்ணு. எஸ்எம்பிஎஸ் உள்ளே இன்ரஷ்ஷை, அதாவது ஆன் ஆகும்போது வர்ற அந்த முதல் இழுப்பைக் குறைக்க ஒரு என்டிசி (குளிர்ந்திருந்தா கரண்டைத் தடுக்குற உறுப்பு) இருக்கும், சூடா இருந்தா அது தடுக்காது. 2 செகண்ட்ல திரும்பப் போட்டா அந்த 40 ஆம்ப் இன்னும் கூடும். ஓஎல்டிக்கு நான் 60 செகண்ட் வைப்பேன்.

பாக்கெட்_வழி — பதில்

மேலே சொன்ன மின்சாரப் பக்கம் அத்தனையும் சரி. ரேடியோவுக்கு மட்டும் ரிலே தேவையில்லை என்பேன்.

இன்ஜெக்டரைக் கழற்றிவிட்டு, பிஓஇ அவுட் உள்ள மைக்ரோடிக் போர்ட்டிலிருந்தே ரேடியோவுக்குப் பவர் கொடுங்கள். ஹெக்ஸ் பிஓஇ மாடலில் 2 முதல் 5 வரையிலான போர்ட்டுகளில் அது உண்டு. உள்ளே கொடுக்கும் வோல்டேஜ்தான் பேசிவ் முறையில் வெளியே வரும். எனவே ரவுட்டருக்கு 24 வோல்ட் அடாப்டர் கொடுத்தால் ரேடியோவுக்கும் 24 வோல்ட். 30 வோல்ட்டுக்குக் கீழ் ஒரு போர்ட்டுக்கு 1 ஆம்ப் வரை கொடுக்கும். உங்கள் ரேடியோவுக்கு அது தாராளம். பேசிவ் முறையில் 4, 5 கம்பிகள் பிளஸ், 7, 8 கம்பிகள் மைனஸ். உங்கள் ரேடியோவும் அதே வரிசைதானா என்று அதன் லேபிளில் பாருங்கள். போர்ட்டை "ஆட்டோ ஆன்" நிலையில் வையுங்கள். "ஃபோர்ஸ்டு ஆன்" வேண்டாம். நாளை யாராவது அந்தப் போர்ட்டில் லேப்டாப்பைச் சொருகினால் 24 வோல்ட் நேராக உள்ளே போய்விடும்.

இனி இன்டர்ஃபேஸ் பக்கத்தில் அந்தப் போர்ட்டின் பிஓஇ டேபைத் திறந்து "பவர் சைக்கிள்" அழுத்தினால் போதும். கட்டளை வரியில் கொடுத்தால் எத்தனை வினாடி அணைத்திருக்க வேண்டும் என்றும் சொல்லலாம், 20 வையுங்கள். இதில் நீங்கள் அனுப்புவது ஒரே கட்டளை. அணைப்பது, எண்ணுவது, திரும்பப் போடுவது மூன்றையும் மேலே உள்ள ரவுட்டரே செய்து முடிக்கிறது. நடுவில் உங்கள் இணைப்பு அறுந்தாலும் போர்ட் திரும்ப உயிர் பெறும். நீங்கள் எந்தக் கருவியை வாங்கினாலும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். "ரீபூட்" என்று ஒரே கட்டளையை ஏற்று அங்கேயே முடிக்காத கருவியை மலை மேல் வைக்காதீர்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ரேடியோவே போனால் கட்டளை மேலே போகாது. ஆகவே முடிவெடுக்கும் வேலையையும் மேலே வைத்துவிட வேண்டும். அதே பிஓஇ டேபில் "பவர் சைக்கிள் பிங்" உண்டு: ஒரு முகவரியைக் கொடுத்தால், குறித்த நேரம் வரை பதில் வராவிட்டால் போர்ட்டை 5 வினாடி அணைத்துப் போடும். இதில் 8.8.8.8 போன்ற வெளி முகவரியைக் கொடுப்பதுதான் பலர் செய்யும் தவறு. சேந்தமங்கலத்துக்கு வரும் ஃபைபர் 6 மணி நேரம் அறுந்து கிடந்தது என்று வையுங்கள். 5 நிமிடக் கெடு என்றால் மலை மேல் உள்ள நல்ல ரேடியோ 72 முறை அணைந்து எரியும். மேலே உள்ள ரேடியோவின் சொந்த மேனேஜ்மென்ட் முகவரியை மட்டும் அங்கே கொடுங்கள். கேபிளின் மறுமுனையில் இருப்பதே பதில் சொல்லவில்லை என்றால் அது ஹேங்தான்.

அதற்கு மேல் ஒரு சின்ன ஸ்கிரிப்ட். நிமிடத்துக்கு ஒருமுறை மூன்று முகவரிகளைப் பிங் செய்யட்டும்: மேல் ரேடியோ, கீழ் ரேடியோ, உங்கள் மெயின் ரவுட்டர். மேல் ரேடியோவும் கீழ் ரேடியோவும் பதில் சொல்லி, மெயின் ரவுட்டர் மட்டும் இல்லையென்றால் பிரச்சினை அடிவாரத்தில், எதையும் தொடக்கூடாது. மேல் ரேடியோ இருக்கிறது, கீழ் ரேடியோ இல்லை என்பதுதான் குழப்பமான நிலை. லிங்க் தவறியிருக்கலாம், கீழே கரண்ட் போயிருக்கலாம். அப்போது 15 நிமிடம் பொறுத்து ஒரு முறை, பிறகு 1 மணி நேரம் கழித்து ஒரு முறை, 6 மணி நேரம் கழித்து ஒரு முறை. அதோடு நிறுத்திவிட வேண்டும். கீழ் முனையிலும் இதே ஸ்கிரிப்ட் வைத்தால் அங்கே 15-க்குப் பதில் 25 நிமிடம் வையுங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் மாறி மாறி அணைந்துகொண்டிருந்தால் லிங்க் எழவே எழாது. டிஎஃப்எஸ் சேனல் (ரேடாரோடு பகிர்ந்துகொள்ளும் அலைவரிசை) என்றால் ரேடியோ எழுந்ததும் 60 வினாடி காதுகொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் பேசத் தொடங்கும். எனவே ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு குறைந்தது 5 நிமிடம் எந்தக் கணக்கும் எடுக்கக்கூடாது.

இன்னொன்று. தவறான கான்ஃபிக் போட்டுப் பூட்டிக்கொண்ட நிலைக்கு மைக்ரோடிக்கில் பவர் சைக்கிள் உதவாது. மாற்றம் உடனே சேமிக்கப்பட்டுவிடும். தூரத்து ரவுட்டரில் கை வைக்கும் முன் சேஃப் மோடைப் போட்டுக்கொள்ளுங்கள். இணைப்பு அறுந்தால் மாற்றம் தானே திரும்பிவிடும். சிஸ்கோவில் சேமிக்காத மாற்றம் பவர் போனால் போய்விடும். அங்கே "10 நிமிடத்தில் ரீலோடு" என்று முன்கூட்டியே போட்டுவிட்டு வேலை செய்து, எல்லாம் சரியென்றால் அதை ரத்து செய்வது வழக்கம்.

மலையோர_நெட்

இருவருக்கும் நன்றி. இன்வெர்ட்டர் மூன்றுமே நார்மல் மோடில்தான் இருக்கின்றன. ரேடியோவை பிஓஇ போர்ட்டுக்கு மாற்றுகிறோம். ஓஎல்டி, என்விஆருக்கு ரிலே என்பதும் புரிந்தது. அந்த ரிலேவை இயக்க எந்த போர்டு எடுப்பது? ரவுட்டரே ஹேங் ஆனால் யார் அதை எழுப்புவது? ஒரு ரூமில் மட்டும் மொபைல் சிக்னல் நன்றாக இருக்கிறது. அங்கே சிம் போட்டு இரண்டாவது வழி வைத்துக்கொள்ளலாமா?

எட்ஜ்_நோட் — பதில்

ஈதர்நெட் போர்ட் உள்ள இஎஸ்பி32 போர்டு (சின்ன கன்ட்ரோலர்) எடுத்து டாஸ்மோட்டா (அதில் ஓடும் மென்பொருள்) ஏற்றுங்கள். வைஃபையை நம்ப வேண்டாம், கம்பியிலேயே போகட்டும். ரிலேக்கு ஜிபிஐஓ (போர்டின் கட்டுப்பாட்டுக் கால்கள்) 4, 32, 33 போன்றவற்றை எடுங்கள். 12-ஐத் தொடாதீர்கள்: பூட் ஆகும்போது அந்தக் கால் மேலே இழுக்கப்பட்டிருந்தால் போர்டு ஃபிளாஷ் வோல்டேஜைத் தவறாக எடுத்துக்கொண்டு எழவே எழாது, பல ரிலே போர்டுகள் அப்படித்தான் இழுக்கும். பூட் நேரத்தில் ரிலே ஒருமுறை துடிக்கிறதா என்று மேஜை மேல் வைத்துப் பல்பு போட்டுப் பாருங்கள். துடித்தால் இஎஸ்பி ரீபூட் ஆகும்போதெல்லாம் உங்கள் ஓஎல்டியும் சேர்ந்து ஆடும்.

காப்பர்_கம்பி சொன்ன என்சி வயரிங் இங்கே மிக அழகாகப் பொருந்தும். ரிலே "ஆன்" என்றால் லோடு அணைகிறது. "பல்ஸ்டைம்" என்ற அமைப்பு, ஆன் ஆன ரிலேவைக் குறித்த நேரத்தில் தானே ஆஃப் செய்துவிடும். 111 வரை அது பத்தில் ஒரு வினாடிக் கணக்கு; 112-லிருந்து 100-ஐக் கழித்தால் வினாடி. ஆக 130 போட்டால் 30 வினாடி, 160 போட்டால் 60 வினாடி. "ரிலே 1 ஆன்" என்று அனுப்பினால் போதும்; ஓஎல்டி 60 வினாடி அணைந்து தானே எழும். "பவர்ஆன்ஸ்டேட்" மதிப்பை 0 ஆக்குங்கள். தொழிற்சாலை மதிப்பான 3 என்பது "கடைசியாக இருந்த நிலைக்குத் திரும்பு" என்று பொருள். அணைத்திருக்கும் அந்த 60 வினாடிக்குள் இஎஸ்பியின் கரண்ட் போனால், திரும்பி வரும்போதும் அணைத்தே வைக்கப் பார்க்கும்.

உங்கள் மாதிரி கரண்ட் விட்டு விட்டு வரும் இடத்துக்கு இது மிக முக்கியம்: டாஸ்மோட்டாவில் "செட்ஆப்ஷன்65"-ஐ 1 ஆக்குங்கள். இல்லையென்றால் பவர் சில வினாடி இடைவெளியில் ஆறேழு முறை அடுத்தடுத்துப் போய் வந்தால், "யாரோ என்னை ரீசெட் செய்யச் சொல்கிறார்கள்" என்று எடுத்துக்கொண்டு எல்லா அமைப்புகளையும் அழித்துவிடும். ஐபி முகவரி, பல்ஸ்டைம், கால்களின் ஒதுக்கீடு எல்லாம் போய், மலை மேல் ஒரு வெறும் போர்டு உட்கார்ந்திருக்கும்.

போர்டுக்கு 230 வோல்ட் அடாப்டர் வேண்டாம். பேட்டரியிலிருந்தே எடுங்கள்: 30 வோல்ட் வரை தாங்கும் பக் கன்வெர்ட்டர் வைத்து 5 வோல்ட்டாக இறக்குங்கள். பேட்டரி பிளஸ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் 2 ஆம்ப் ஃபியூஸ். இன்வெர்ட்டர் ட்ரிப் ஆனாலும் போர்டு உயிரோடு இருக்கும்.

ரவுட்டரை எழுப்ப மூன்றாவது ரிலே. இதை ஆளில்லாக் கைப்பிடி முறையில் ("இருக்கிறேன்" என்ற துடிப்பு நின்றால் தானே வேலை செய்யும் முறை) செய்யுங்கள். மைக்ரோடிக்கின் ஷெட்யூலர் நிமிடத்துக்கு ஒருமுறை "ஃபெட்ச்" மூலம் இஎஸ்பிக்கு ஒரு எச்டிடிபி கோரிக்கை அனுப்பட்டும். அது இஎஸ்பியின் ரூல்டைமர் 1-ஐ மறுபடி 1800 வினாடிக்கு வைக்கும். ரவுட்டர் நன்றாக இருக்கும்வரை டைமர் தீரவே தீராது. ரவுட்டர் ஹேங் ஆனால் துடிப்பு நிற்கும், 30 நிமிடத்தில் டைமர் தீரும், "டைமர் 1 தீர்ந்தால் ரிலே 3 ஆன்" என்ற விதி ரவுட்டரை 30 வினாடி அணைத்துப் போடும். இதில் ஒரு நல்ல குணம் உண்டு: ரவுட்டர் எழுந்து மறுபடி துடித்தால்தான் டைமர் மறுபடி ஓடும். அதனால் செத்துப் போன ரவுட்டரை இரவு முழுக்க அடித்துக்கொண்டிருக்காது, ஒரே ஒரு முறைதான். ரவுட்டருக்கு ஃபர்ம்வேர் ஏற்றும் முன் ஷெட்யூலரை நிறுத்திவிட்டு டைமரை 0 ஆக்கிவிடுங்கள்.

எம்க்யூடிடி (நடுவில் ஒரு சர்வர் வைத்துச் செய்தி கடத்தும் முறை) வழியாகக் கட்டளை அனுப்பினால் "ரிட்டெய்ன்" கொடியை எக்காரணம் கொண்டும் வைக்காதீர்கள். புரோக்கர் (அந்த நடு சர்வர்) அந்தக் கட்டளையைப் பிடித்துவைத்து, போர்டு ஒவ்வொரு முறை இணையும்போதும் திரும்பக் கொடுக்கும். ரவுட்டரை அணைக்கும் கட்டளை அப்படி மாட்டினால்: ரவுட்டர் எழும், போர்டு இணையும், பழைய கட்டளை வரும், ரவுட்டர் மறுபடி அணையும். வெளியேற வழியில்லாத சுற்று.

சிம் விஷயம். 4ஜி சிம்மில் உங்களுக்குப் பொது ஐபிவி4 முகவரி கிடைக்காது, சிஜிநாட்டுக்குப் (பல சந்தாதாரர்கள் ஒரே பொது முகவரியைப் பகிரும் முறை) பின்னால் இருப்பீர்கள். கீழிருந்து உள்ளே நுழைய முடியாது. மேலே உள்ள ரவுட்டர்தான் வெளியே அழைக்க வேண்டும். சேந்தமங்கலத்தில் ஒரு நிலையான பொது முகவரி இருந்தால் அங்கே வயர்கார்டு (விபிஎன் மென்பொருள்) வைத்து, மேல் முனையில் கீப்அலைவ் 25 வினாடி கொடுங்கள். நாட் பதிவு அழியாமல் இருக்கும். எஸ்எம்எஸ் ரிலே வாங்குவதாக இருந்தால் அது 2ஜி மாடமா என்று பாருங்கள். ஜியோவில் 2ஜி கிடையாது, அந்த சிம் அதில் வேலை செய்யாது. எந்த சிம்மாக இருந்தாலும் வேலிடிட்டி முடிந்தால் வருகிற எஸ்எம்எஸ்ஸும் நின்றுவிடும். ரீசார்ஜ் தேதியை உங்கள் மாதக் கணக்கில் சேர்த்து எழுதுங்கள். அனுப்புபவரின் எண்ணை மட்டும் நம்பாமல், செய்திக்குள் ஒரு ரகசிய எண்ணையும் கேட்கும் மாடல் எடுங்கள்.

ரேக்_காவல் — பதில்

மூன்று விஷயங்கள் விடுபட்டுள்ளன.

என்விஆருக்கு நேரடியாகப் பவரை வெட்டாதீர்கள். எழுதிக்கொண்டிருக்கும் ஹார்ட் டிஸ்க்கை அடிக்கடி அப்படி வெட்டினால் பதிவு கெடும், பிறகு டிஸ்க்கே போகும். முதலில் அதன் வெப் பக்கத்தில் ரீபூட். அது திறக்கவே இல்லை என்றால் மட்டும் ரிலே. ஓஎல்டிக்கும் இதே வரிசைதான். டெல்நெட்டிலோ எஸ்எஸ்எச்சிலோ உள்ளே போக முடிகிறதென்றால் அது ஹேங் இல்லை. மென்பொருள் ரீபூட் செய்யுங்கள். ஒரு பான் (ஃபைபர்) போர்ட்டில் மட்டும் சிக்கல் என்றால் அந்தப் போர்ட்டை மட்டும் மூடித் திறங்கள். ஒரு போர்ட்டில் 64 ஓஎன்யூ (வீட்டு முனைப் பெட்டி) என்றால் 4 போர்ட்டில் 256 வீடு. ஒரு போர்ட்டுக்காக அத்தனை பேரையும் இறக்க வேண்டியதில்லை.

இரண்டாவது விஷயம், எம்சிபி (அதிக கரண்ட் போனால் தானே விழும் பிரேக்கர்). பி வகை எம்சிபி தன் ரேட்டிங்கைப்போல் 3 முதல் 5 மடங்கில் உடனே விழும். சி வகை 5 முதல் 10 மடங்கில். 6 ஆம்ப் பி வகை போட்டிருந்து, கரண்ட் வந்ததும் நாலு எஸ்எம்பிஎஸ் ஒன்றாக எழுந்தால் 18 ஆம்ப் தாண்டுவது கஷ்டமே இல்லை. விழுந்த எம்சிபியைத் தூக்க எந்த நெட்வொர்க்காலும் முடியாது, மறுபடி 70 வளைவு. சி வகை போடுங்கள். ரிலேக்களையும் ஒரே நேரத்தில் விடுவிக்காமல் 10 வினாடி இடைவெளி கொடுங்கள். ரவுட்டர் முதலில், ஓஎல்டி பிறகு, என்விஆர் கடைசியில்.

மூன்றாவது, அணைந்ததா என்று எப்படித் தெரியும்? காண்டாக்ட் ஒட்டியிருந்தாலும் டாஸ்மோட்டா "ஆன், ஆஃப்" என்று சமர்த்தாகச் சொல்லும். எஸ்என்எம்பியில் (கருவிகளைத் தூரத்திலிருந்து கேட்டறியும் முறை) ஓஎல்டியின் சிஸ்அப்டைம் (எழுந்து எவ்வளவு நேரம் ஆனது என்ற எண்) எடுங்கள். அது நூறில் ஒரு வினாடிக் கணக்கு. பவர் சைக்கிளுக்குப் பிறகு 3 நிமிடத்தில் பார்த்தால் சுமார் 10,000-லிருந்து 18,000-க்குள் இருக்க வேண்டும். கோடிக்கணக்கில் நின்றால் பவர் போகவே இல்லை, ரிலே ஒட்டிவிட்டது. அப்டைம் 497 நாளில் தானாகச் சுழிக்குத் திரும்பும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பெரிய ரேக் வைத்திருப்பவர்களுக்கு இதே வசதி ஸ்விட்ச்டு பிடியூவில் (ஒவ்வொரு பிளக்கையும் நெட்வொர்க்கிலிருந்து அணைக்கும் பவர் பெட்டி) தயாராக உண்டு. ஏபிசி பிடியூக்களில் எஸ்என்எம்பி மூலம் ஒவ்வொரு அவுட்லெட்டுக்கும் 1 ஆன், 2 ஆஃப், 3 ரீபூட். 2-ஐத் தொடாமல் 3-ஐ மட்டும் பயன்படுத்தப் பழக வேண்டும். தரநிலை பிஓஇ ஸ்விட்ச் என்றால் பவர் ஈதர்நெட் மிப்பில் (எஸ்என்எம்பி அமைப்புப் பட்டியல்) போர்ட்டின் நிலையை 2 ஆக்கி மறுபடி 1 ஆக்கலாம். ஆனால் அவை இரண்டு கட்டளைகள். ரேடியோ இருக்கும் போர்ட்டில் அதைத் தூரத்திலிருந்து செய்யாதீர்கள், 1 போய்ச் சேராது.

பிடியூ, இஎஸ்பி, ரவுட்டர் எதன் வெப் பக்கத்தையும் இன்டர்நெட் பக்கம் திறந்து வைக்கக் கூடாது. போர்ட் ஃபார்வர்டு போட்டால் உங்கள் 256 வீட்டின் ஸ்விட்சைத் தெருவில் மாட்டிவைத்த மாதிரி. மேனேஜ்மென்டுக்குத் தனி விலேன் (பிரித்து வைத்த உள் நெட்வொர்க்), அதற்குள் வயர்கார்டு வழியாக மட்டும் நுழைவு. எஸ்என்எம்பி முதல் இரண்டு பதிப்புகளில் கம்யூனிட்டி சொல் மறைக்கப்படாமல் போகும். எழுதும் உரிமையை ஒரே ஒரு முகவரிக்கு மட்டும் கொடுங்கள்.

மலையோர_நெட்

மிக்க நன்றி. சோளக்காடு ரூமில் முதலில் செய்து பார்க்கிறோம். ஒரு சந்தேகம்: ரவுட்டரையும் ரேடியோவையும் இன்வெர்ட்டரை விட்டுவிட்டு நேராகப் பேட்டரியிலேயே ஓட்டலாமா?

காப்பர்_கம்பி

ஓட்டலாம், நல்லதும்கூட. 12-ஐ 24 வோல்ட்டா ஏத்துற 3 ஆம்ப் பூஸ்ட் கன்வெர்ட்டர் ஒண்ணு வச்சு ரவுட்டருக்குக் கொடுங்க. ரவுட்டரும் ரேடியோவும் சேர்ந்து 15 வாட்னு வச்சா, 150 ஏஎச் பேட்டரியில பாதி, அதாவது 900 வாட்-அவர், 60 மணி நேரம் வரும். கன்வெர்ட்டர் நஷ்டம் போக 50 மணின்னு எடுத்துக்கங்க. இதெல்லாம் ஓஎல்டியும் என்விஆரும் இன்வெர்ட்டர்ல இழுக்காம இருந்தாத்தான்.

ஆனா இன்வெர்ட்டரோட லோ பேட்டரி கட் இந்த நேர் லோடைப் பார்க்காது. இன்வெர்ட்டர் நின்ன அப்புறமும் ரவுட்டர் உறிஞ்சிட்டே இருக்கும், நீண்ட பவர் கட்ல பேட்டரி அடிமட்டத்துக்குப் போய் கெட்டுடும். 11.2 வோல்ட்ல வெட்டி 12.6-ல திரும்ப இணைக்கிற எல்விடி போர்டு ஒண்ணு நடுவுல கண்டிப்பா வேணும். அந்த ரெண்டு எண்ணுக்கும் இடைவெளி கம்மியா வச்சா, லோடு விட்டதும் பேட்டரி வோல்டேஜ் தானா ஏறும், ரவுட்டர் எழும், மறுபடி இறங்கும், இப்படியே ஆடிட்டு இருக்கும். மூணாவது ரிலேவும் இப்போ 24 வோல்ட் டிசி லைன்லதான் வரும். அந்த ரிலேக்கு 30 வோல்ட் டிசி ரேட்டிங் இருந்தா போதும். 48 வோல்ட் சிஸ்டத்துக்கு அதே ரிலேவைப் போட்டுடாதீங்க, டிசி ஆர்க் அணையாம காண்டாக்டைத் தின்னுடும்.

கடைசியா, ஒவ்வொரு ரிலேக்கும் இணையா ஒரு சாதாரண ஸ்விட்ச் வைங்க. ரிலே கெட்டுப்போய் லோடு வராம நின்னா, சாவி வச்சிருக்கிற உள்ளூர் ஆள் அதைப் போட்டா லோடு நேரே ஓடும். ஸ்விட்ச் மேல 1, 2, 3-னு பெயின்ட்ல பெருசா எழுதி, எது ஓஎல்டி, எது ரவுட்டர்னு கதவுக்கு உள்பக்கம் தமிழ்ல ஒட்டிடுங்க. போன்ல "ரெண்டாம் நம்பரைப் போடுங்க"ன்னு சொன்னா போதும். சோளக்காட்டுல அந்த ஸ்விட்ச் போட்ட நிலையிலேயே மறந்து விட்டுட்டா ரிலே வேலை செய்யாது, அப்டைம் குறையாம நிக்கும். ரேக்_காவல் சொன்ன சோதனையில அதுவும் சேர்ந்து பிடிபட்டுடும்.